‘இயர் இன்ஃபெக்‌ஷன்’னு மட்டும் எழுதியிருந்தா எந்தக் கோடு? ஆடிட்ல எனக்கு அடி விழுந்துருச்சு

பாசிக்காரி மகள் | ஞாயிறு, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். நான் பாம்பன் பக்கம். ராமநாதபுரத்துல ஆறு மாசம் மெடிக்கல் கோடிங் கிளாஸ் போயிட்டு இப்ப வீட்டுல இருந்தே அமெரிக்க நோயாளிங்களோட சார்ட் (டாக்டர் எழுதின குறிப்பு) பாத்து, அதுல இருக்கிற நோய்க்கு ஐசிடி பட்டியல்லேர்ந்து கோடு நம்பர் போடுறேன். இன்னும் ட்ரெய்னிதான். கம்பெனி பேர் வேணாம்.

நேத்து ஆடிட்ல, அதான் நாங்க போட்ட கோடைச் சரிபாக்குறதுல, ஒரு எர்ரர். மனசு ஆறவே இல்ல. சார்ட் இதுதான்: [வயசை எடுத்துட்டேன்] ஒரு பையன். மூணு நாளா வலது காது வலி. நீச்சலுக்குப் போறவன். பரிசோதனையில டாக்டர் எழுதினது: காதுக்குழாய் சிவந்து வீங்கியிருக்கு, காதுமடலை இழுத்தா வலி, செவிப்பறை நல்லா இருக்கு. கடைசியில அசெஸ்மென்ட்ல (என்ன நோய்னு டாக்டர் முடிவு எழுதுற இடம்) ஒரே வரி, ‘இயர் இன்ஃபெக்‌ஷன், ரைட்’. காதுக்குச் சொட்டு மருந்து குடுத்து அனுப்பிட்டார்.

நான் எச்60.331 போட்டேன். ஸ்விம்மர்ஸ் இயர், வலது. ஆடிட்டர் அதை அடிச்சிட்டு எச்66.91 போட்டிருக்கார். அது நடுக்காது! செவிப்பறை நல்லா இருக்குன்னு டாக்டரே எழுதியிருக்கும்போது நடுக்காது எங்கேர்ந்து வந்துச்சு?

எங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே பாசி எடுக்கக் கடல்ல இறங்குறவங்க. மடலைத் தொட்டா வலிக்கிற காது எது, உள்ள சீழ் வச்ச காது எதுன்னு புத்தகம் வாங்குறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். தெரிஞ்சு சரியா போட்டதுக்கு மார்க் போச்சுன்னா என்ன நியாயம் இது?

ஓலைக்குடா | இரவு 9:20

முதல்ல அந்தப் பையனோட வயசை எடுங்க தாயே. ஹிப்பா, அதான் நோயாளி விவரத்தை ரகசியமா வைக்கச் சொல்ற அமெரிக்கச் சட்டம், ஞாபகம் இருக்கா? சார்ட் விவரத்தைப் பொதுவுல போட்டா மார்க் மட்டும் போகாது, வேலையும் போகும்.

பாசிக்காரி மகள் | இரவு 9:23

எடுத்துட்டேன் அண்ணே. ஸாரி.

கீழக்கரைக் காக்கா | இரவு 9:51

தங்கச்சி, நானும் ஆடிட்டர்தான், பதினோரு வருசமா. உங்க ஆடிட்டர் நான் இல்ல, பயப்படாதீங்க.

நீங்க பண்ணின தப்பு மருத்துவத் தப்பு இல்ல. நீங்க டாக்டரா மாறிட்டீங்க, அதுதான் தப்பு. வீங்கின குழாய், மடல் வலி, நீச்சல், எல்லாத்தையும் கூட்டி ஒரு நோய்க்குப் பேர் வச்சிட்டீங்க. பேர் வைக்கிறது அவர் வேலை. அவர் வச்ச பேருக்கு நம்பர் தேடுறது நம்ம வேலை. ஸ்விம்மர்ஸ் இயர்ங்கிற வார்த்தையோ, ஓட்டைட்டிஸ் எக்ஸ்டர்னா (வெளிக்காது அழற்சி)ங்கிற வார்த்தையோ அந்த சார்ட்ல எங்கயாச்சும் இருக்கா? இல்லல்ல?

இப்ப அவர் எழுதின பேரை அகர வரிசைக் குறிப்புல தேடுங்க. இன்ஃபெக்‌ஷன், அதுக்குக் கீழ இயர், பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள மிடில்னு இருக்கும். அந்த அடைப்புக்குறியிலதான் நிறையப் பேர் வழுக்கி விழுறாங்க. அடைப்புக்குறிக்குள்ள இருக்கிற சொல் சார்ட்ல இருந்தாலும் இல்லாட்டியும் கோடு மாறாது. வெறும் ‘இயர் இன்ஃபெக்‌ஷன்’னு சொன்னாலே அது ஓட்டைட்டிஸ் மீடியாவுக்குத்தான், அதாவது நடுக்காதுத் தொற்றுக்குத்தான், கைகாட்டும். வகை சொல்லாத ஓட்டைட்டிஸ் மீடியா எச்66.9, வலதுன்னா எச்66.91, இடது 92, ரெண்டும்னா 93, எந்தக் காதுன்னே எழுதலன்னா 90. வெளிக்காதுன்னு டாக்டர் ஒரு சொல் எழுதியிருந்தா மட்டும்தான் எச்60 பக்கம் போக முடியும்.

உங்க ஆடிட்டர் அந்த வழியில வந்து சேர்ந்திருக்கார். ஆனா அவரும் பாதிதான் சரின்னு நான் சொல்லுவேன். அதை அப்புறம் சொல்றேன், இஷா தொழுகைக்கு நேரமாச்சு.

தொண்டி டாக்டர் | இரவு 10:05

எங்களைத் திட்டுவதற்கென்றே தொடங்கிய இழை மாதிரி இருக்கிறது. உட்கார்ந்து படிக்கிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். காலை ஓ.பி.யில் வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது ‘காதுத் தொற்று’ என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவது எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். என் மனதில் அது வெளிக்காதா நடுக்காதா என்பது தெளிவாகவே இருக்கும், எழுதிய மருந்திலும் தெரியும். சீட்டில் மட்டும் இருக்காது.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வெளிக்காது அழற்சி என்பது செவிப்பறைக்கு வெளியே, குழாயின் தோலில் வருவது. தண்ணீர் தங்கி, தோல் ஊறி, குடைந்து புண்ணாகி வரும். மடலை இழுத்தாலோ காதுமுன் குருத்தெலும்பை அழுத்தினாலோ துடிப்பார்கள். நடுக்காதுத் தொற்று செவிப்பறைக்கு உள்ளே. பெரும்பாலும் சளி பிடித்த பிறகு, மூக்கின் பின்பக்கத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழல் அடைத்துக்கொண்டு வருவது. குழந்தைகளுக்கு அந்தக் குழல் குட்டையாகவும் கிடையாகவும் இருப்பதால் அவர்களுக்கு அதிகம். பறை சிவந்து புடைக்கும், சில நேரம் கிழிந்து சீழ் வடியும், வடிந்ததும் வலி சட்டென்று குறையும். ‘சீ வந்திருச்சு, வலி போயிருச்சு’ என்று தாய்மார்கள் நிம்மதியாகச் சொல்வார்கள். எனக்குப் பதற்றம் அப்போதுதான் தொடங்கும்.

அந்தப் பையனுக்கு இருந்தது வெளிக்காது அழற்சிதான் என்று நானும் பந்தயம் கட்டுவேன். நோயைப் பொறுத்தவரை பாசிக்காரி மகள் சொன்னது சரி.

பாசிக்காரி மகள் | இரவு 10:09

டாக்டரே சொல்லிட்டார்! காக்கா, இப்ப என்ன சொல்றீங்க?

கீழக்கரைக் காக்கா | இரவு 10:48

தொழுதுட்டு வந்துட்டேன். டாக்டர் சார் பந்தயம் கட்டலாம், ஏன்னா அவர் டாக்டர். ஆனா அந்த சார்ட்ல கையெழுத்துப் போட்டது அவர் இல்லையே.

இப்ப மீதிப் பாதி. சார்ட்டுக்குள்ளேயே பரிசோதனை ஒண்ணு சொல்லுது, முடிவு இன்னொண்ணு சொல்லுது. அப்படி முட்டிக்கிட்டா கொயரி எழுதணும், அதாவது சார்ட் எழுதின டாக்டர்கிட்டயே விளக்கம் கேட்கணும். உங்க ஆடிட்டர் ‘கொயரி போட்டிருக்கணும்’னு எழுதியிருந்தா நான் அவர் கையைப் பிடிச்சு முத்தம் குடுத்திருப்பேன். நேரா எச்66.91னு திருத்தினது விதிப்படி நிக்கும், ஆனா சோம்பேறி வேலை.

கொயரியிலயும் ஒரு ஒழுக்கம் உண்டு. ‘சார், இது ஸ்விம்மர்ஸ் இயர்தானே?’ன்னு கேட்டா பதிலை ஊட்டி விடுற மாதிரி. அது கூடாது. ‘வலது காதுக்குழாய் வீக்கம், மடல் வலி, செவிப்பறை இயல்புன்னு பதிவாகியிருக்கு. காதுத் தொற்று எந்த இடத்தில், எந்த வகைன்னு தெளிவுபடுத்த முடியுமா?’ அவ்வளவுதான். வெளிக்காது, நடுக்காது, வேறு, தீர்மானிக்க முடியலன்னு எல்லாத்தையும் குடுத்துட்டு நகர்ந்துடணும்.

ஓலைக்குடா | இரவு 10:55

காக்கா சொல்றது கேக்க நல்லா இருக்கு. நடைமுறை? எங்க டீம்ல ஓ.பி. சார்ட்டுக்குக் கொயரி போட்டா அந்த சார்ட் ஹோல்டுல போயிரும், டார்கெட்ல சேராது. டிஎல் (டீம் லீடர்) ‘ஒரு காதுக்கெல்லாம் கொயரியா?’ன்னு கேப்பார். அதனால மிடில்னு அடைப்புக்குறியைக் கும்பிட்டுட்டு எச்66.9 போட்டு நகர்றோம். ஊரே அப்படித்தான்.

அப்புறம் பாருங்க, புள்ளிவிவரத்துல அமெரிக்காவுல எல்லாருக்கும் நடுக்காதுலதான் வியாதின்னு வரும்.

மூக்கையூர் ஸ்டூடண்ட் | திங்கள், காலை 6:30

கோடர்களுக்கான சிபிசி பரீட்சை எழுதப் போறேன் அண்ணே, அக்கா. நூறு கேள்வி, நாலு மணி நேரம்னு நினைச்சாலே வயிறு கலங்குது. ஒரு டவுட். செவிப்பறை கிழிஞ்சு சீழ் வடியுது, அக்யூட் (நாள்பட்டது இல்ல, திடீர்னு வந்தது). எச்66.011 போட்டுட்டு, ஓட்டைக்குன்னு எச்72வும் சேக்கலாமா? எச்66 தலைப்புல ‘பறையில ஓட்டை இருந்தா எச்72 கூடுதலாப் போடு’ன்னு குறிப்பு இருக்கே.

கீழக்கரைக் காக்கா | காலை 7:15

நல்ல கேள்வி தம்பி. சேக்கக் கூடாது. எச்66.01 வரிசையிலயே ‘தானாகக் கிழிஞ்ச பறையோட’ன்னு உள்ள அடங்கியிருக்கு. எச்72ஐத் திறந்து பாத்தா எக்ஸ்க்ளூட்ஸ் ஒன்னுல எச்66.01 இருக்கும். எக்ஸ்க்ளூட்ஸ் ஒன்னுன்னா ரெண்டும் ஒரே இலையில பரிமாறக் கூடாது. எக்ஸ்க்ளூட்ஸ் டூன்னா அது வேற இது வேற, ரெண்டும் இருந்தா ரெண்டும் போடலாம். நீங்க சொன்ன தலைப்புக் குறிப்பு நாள்பட்ட சீழ்க்காதுக்கு உதவும். எச்66.1, 66.2, 66.3 மாதிரி கோடுகளோட எச்72 வரும், காதுத் தொற்று முதல்ல, ஓட்டை ரெண்டாவது.

இன்னொண்ணு, நடுக்காதுத் தொற்றுன்னு உறுதியான பிறகு காதுவலிக்கு எச்92.0 தனியாப் போட்டுராதீங்க. வலி அந்த நோய்க்குள்ளயே அடக்கம். வலி மட்டும்தான், காரணம் தெரியலன்னா அப்ப போடலாம். ஓ.பி.யில ‘நடுக்காதுத் தொற்றா இருக்கலாம்’னு சந்தேகமா எழுதியிருந்தாலும் எச்66 கிடையாது, வலிக்குத்தான் கோடு. அதே சந்தேகம் அட்மிட் ஆன நோயாளிக்கு டிஸ்சார்ஜ் வரைக்கும் இருந்தா உறுதியான மாதிரியே போடலாம். ஒரே வாக்கியம், ஒரே நோய், படுக்கை இருந்தா ஒரு சட்டம், இல்லாட்டி ஒரு சட்டம்.

மூக்கையூர் ஸ்டூடண்ட் | காலை 7:22

நன்றி காக்கா. காதுல பூச்சி போனதுக்கு டி16னு போன்ல எங்க சாரு சொன்னாரு, நான் ‘டி’ன்னா டெல்டா டி (D)ன்னு தேடி ஒரு மணி நேரம் போச்சு. எலும்புக் கட்டியெல்லாம் வருது!

ஓலைக்குடா | காலை 7:30

டேங்கோ டி (T) தம்பி, டேங்கோ. 16.1 வலது, 16.2 இடது, அப்புறம் ரெண்டு எக்ஸ் போட்டு ஏழாவது இடத்துல ஏ. அந்த ஏ ‘முதல் தடவை வந்தார்’னு அர்த்தம் இல்ல, சிகிச்சை நடந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். மூணாவது தடவை வந்தாலும் சிகிச்சை ஓடுனா ஏதான்.

எங்க ஊருக்குப் பிடிச்ச கோடு சொல்லவா? டேங்கோ டி63.511, திருக்கை குத்து. அசம்பாவிதமாக் குத்துனதுக்கு ஒண்ணு, வேணும்னே குத்திக்கிட்டதுக்குத் தனி, இன்னொருத்தன் குத்தினதுக்குத் தனி. திருக்கையை வச்சு ஆளைக் குத்துறவன் எந்த ஊர்லடா இருக்கான்?

மண்டபம் கேம்ப் | காலை 11:40

நான் கோடர் இல்ல. அடிபட்டவன், அதான் சொல்ல வந்தேன்.

எங்க வீட்டம்மாவுக்குப் போன வருசம் காதுச் சவ்வு ஆபரேஷன். இன்சூரன்ஸ் க்ளெய்ம் படிவத்துல ஆஸ்பத்திரிக்காரங்க நிரப்புற பகுதியில ஐசிடி பத்து கோடுன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல யாரோ எச்60ன்னு போட்டு விட்டுட்டாங்க. டிஸ்சார்ஜ் சீட்டுல நடுக்காதுல நாள்பட்ட சீழ், பறையில ஓட்டைன்னு தெளிவா இருக்கு. கம்பெனிக்காரன் கேட்டான்: ‘வெளிக்காது அழற்சிக்கு எதுக்குச் சவ்வு ஆபரேஷன்?’ நியாயமான கேள்விதானே, அவன் படிச்சது கட்டத்தைத்தான். திருத்தம் வாங்க நாலு தடவை மதுரைக்கு பஸ். கோடு போட்டவர் யாருன்னு கேட்டா பில்லிங் கவுன்டர் பையன். அவன்கிட்ட ஒரு பழைய பட்டியல் ஒட்டியிருந்தது, காதுன்னா எச்60ன்னு ஒரே வரி. ஊசி குத்துற ஆளை விட்டுட்டு வாட்ச்மேன் கையில ஊசியைக் குடுத்த கதை.

கீழக்கரைக் காக்கா | மதியம் 1:05

அண்ணே, உங்க கதையைக் கேட்டதும் ஒண்ணு தெளிவாச் சொல்லிடணும்னு தோணுது, ஏன்னா நம்ம பசங்க குழப்பிக்கிறாங்க. நாம அமெரிக்காவுக்குப் பாக்குறது அவங்க நாட்டுக்குன்னு விரிச்ச பதிப்பு. 2015 அக்டோபர் 1லேர்ந்து ஓடுது. வலது, இடது, ஏழாவது எழுத்து எல்லாம் அதுலதான். இந்தியாவுல புழங்குறது உலக சுகாதார நிறுவனத்தோட மூலப் பதிப்பு, 1990ல ஏத்துக்கிட்டது. அதுல காதுக்கு வலது இடது கிடையாது. எச்66.1 அவ்வளவுதான், ஸ்விம்மர்ஸ் இயர்கூட எச்60.3க்குள்ள ஒரு ஓரமா உக்காந்திருக்கும். இங்க க்ளெய்ம் படிவத்துல எச்66.11னு எழுதினா ‘இது என்ன கோடு’ன்னு திருப்பி அனுப்பவும் வாய்ப்பிருக்கு.

அமெரிக்கப் பதிப்பு வருசா வருசம் அக்டோபர்ல மாறும். 2021ல முதுகுவலி எம்54.5ஐ மூணாப் பிளந்தாங்க. அதே நாள்ல இருமல் ஆர்05ஐயும் துண்டு துண்டா நறுக்கிட்டாங்க. அந்த வாரம் எங்க ஃப்ளோர்ல டினையல் (இன்சூரன்ஸ் க்ளெய்மை நிராகரிக்கிறது) மழை. இருமலும் முதுகுவலியும் இல்லாத சார்ட்டே கிடையாதே.

தேவிபட்டினம் | மதியம் 2:20

எல்லாம் சரி, இன்னும் அஞ்சு வருசத்துல மெஷினே கோடு போட்டுரும்னு சொல்றாங்க. நாங்க எல்லாம் திரும்ப வலை பின்னப் போகணுமா?

கீழக்கரைக் காக்கா | மதியம் 2:31

மெஷினும் ‘இயர் இன்ஃபெக்‌ஷன்’னு படிச்சா எச்66.9 தான் போடும். எதுவும் முட்டாத சார்ட்டை அது தின்னுரும், மறுக்கல. முட்டுற சார்ட் நம்ம மேசைக்குத்தான் வரும்.

பாசிக்காரி மகள் | இரவு 8:40

காக்கா, நேத்து ராத்திரி கோவமாப் படிச்சேன், இன்னைக்கு நிதானமாப் படிச்சேன். ஒத்துக்குறேன். கொயரி போடத் தோணலை எனக்கு. தெரியும்ங்கிற திமிரு.

டாக்டர் சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எங்கம்மாவுக்கு இடது காதுல நாலஞ்சு வருசமா விட்டு விட்டுச் சீ வடியும். வலி இல்ல. வாடைக்காத்து நேரத்துல அதிகம். பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சின தேங்காயெண்ணெய் ரெண்டு சொட்டு விட்டுட்டு, கோழியிறகால துடைச்சிட்டு மறுநாள் போயிருவாங்க. கூப்பிட்டா வலது பக்கமாத் திரும்புவாங்க. முந்தியெல்லாம் அப்படி இல்ல.

தொண்டி டாக்டர் | இரவு 9:02

எண்ணெயை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பறையில் ஓட்டை இருந்தால் அது நேராக நடுக்காதுக்குள் போகும். கோழியிறகும் வேண்டாம், சேஃப்டி பின்னும் வேண்டாம்.

வலியில்லாமல் வருடக்கணக்கில் சீழ், கூடவே காது மந்தம். இதை இங்கிருந்து பேர் சொல்ல மாட்டேன், சொன்னால் காக்கா என்னைத் திட்டுவார். காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்தாக வேண்டும், கேட்கும் திறனையும் அளக்க வேண்டும். சீழில் கெட்ட நாற்றம் இருந்தாலோ, தலைசுற்றல், காதுக்குப் பின்னால் வீக்கம், முகம் ஒரு பக்கம் இழுப்பது என்று ஏதாவது இருந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

மூழ்குகிறவர்களின் காதைப் பற்றியும் ஒரு சொல். பத்து மீட்டர் இறங்கினால் உடல் மேலுள்ள மொத்த அழுத்தம், கரையில் இருப்பதைப் போல் இரண்டு மடங்காகிறது. பாசி எடுப்பவர்கள் அவ்வளவு ஆழம் போவதில்லை, ஆனால் முதல் சில மீட்டரில்தான் காதுக்குள் இருக்கும் காற்று வேகமாகச் சுருங்குகிறது. மூக்கைப் பிடித்து ஊதிச் சமன்செய்யாமல் இறங்கினால் பறை உள்ளே இழுபடும். சளி இருக்கும் நாளில் ஊதினாலும் திறக்காது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சங்கு குளிப்பவர்களிடம் நான் பார்த்த காதுகள் பல கதை சொல்லும். அழுத்தத்தால் வரும் காது பாதிப்புக்கு டி70.0 என்று தனிக் கோடே இருக்கிறது. டேங்கோ டி. சரிதானே ஓலைக்குடா?

ஓலைக்குடா | இரவு 9:06

சரி சார். பாஸ்.

பாசிக்காரி மகள் | பத்து நாள் கழித்து, வியாழன், இரவு 7:55

அம்மாவைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன். ராமநாதபுரத்துல ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர். அமாவாசை ஒட்டின ஆறு நாள், பௌர்ணமி ஒட்டின ஆறு நாள்தான் அவங்க பாசிக்குப் போறது, அதனால நடுவுல கிடைச்ச சும்மா நாளாப் பாத்துத்தான் கிளம்ப முடிஞ்சது.

சீட்டுல எழுதியிருக்கார், நல்லாத் தெளிவா: இடது காது, நாள்பட்ட டியூபோடிம்பானிக் சீழ் வகை, பறையின் நடுவுல ஓட்டை. படிச்சதும் கை தானா நம்பர் தேடுது. அமெரிக்கப் பதிப்புன்னா எச்66.12, எச்72.02. நம்ம ஊர் படிவத்துக்கு எச்66.1, எச்72.0. காக்கா, வரிசை சரியா?

இன்னொண்ணு நடந்துச்சு. சீட்டு மேல தொழில்னு ஒரு இடம் இருக்கு. அதுல அட்டெண்டர் அக்கா கேக்காமலே ‘ஹவுஸ் ஒய்ஃப்’னு எழுதி வச்சிருந்தாங்க. அம்மா விரல் நுனியெல்லாம் பாறையில அறுபட்ட தழும்பு, துணி சுத்தினாலும் விடாது. அந்தக் கையாலதான் சீட்டை நீட்டுனாங்க. ‘சார், எங்கம்மா பாசிக்கு மூழ்குறவங்க’ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். ‘சார், அம்மா என்ன வேலை பாக்குறாங்கன்னு அவங்ககிட்டயே ஒரு தடவை கேட்டு எழுதிக்கிறீங்களா?’ன்னு மட்டும் கேட்டேன்.

அவர் அம்மாவோட வலது காதுப் பக்கம் குனிஞ்சு கேட்டார். ‘பாசிதான். வேற என்ன?’ன்னாங்க. பேனாவை எடுத்து முன்ன இருந்ததை அடிச்சிட்டு எழுதினார். அப்புறம்தான் எவ்வளவு ஆழம், மூக்கைப் பிடிச்சு ஊதுவீங்களா, சளியோட இறங்குவீங்களான்னு ஒவ்வொண்ணாக் கேக்க ஆரம்பிச்சார். அதுக்கு முன்னாடி அதெல்லாம் கேக்கவே இல்ல.

கீழக்கரைக் காக்கா | இரவு 8:30

வரிசை சரி. கொயரியும் சரி.

தொண்டி டாக்டர் | இரவு 8:44

காது காய்ந்ததும் சவ்வு ஒட்டும் ஆபரேஷன் சொல்லியிருப்பாரே. எப்போது?

பாசிக்காரி மகள் | இரவு 8:50

சொன்னார் சார். அதுவரைக்கும் காதுல தண்ணி படக் கூடாதாம். அம்மா வாசல்ல உக்காந்து வலைப்பையைத் தச்சுக்கிட்டே, ‘ஏப்ரல் பொறக்கட்டும், அப்ப எப்படியும் பாசிக்கு யாரும் போறதில்ல’ங்குறாங்க. இன்னும் மூணு மாசம் இருக்கு. என்ன சொல்லி நிறுத்தி வைக்கிறதுன்னு தெரியல.